குவாட்டர்பேக்குக்கு ஒரு குசினிச் சொல்

1. முதல் நாள்

வேலைக்குப் போன முதல் நாளே ஒரு பள்ளிக்கூடம் முழுவதற்கும் பச்சை உருளைக்கிழங்கு வைத்தவள் நான்.

டென்மார்க்கில் நாங்கள் இருந்த ரண்டர்ஸிலிருந்து பஸ்ஸில் போய் இறங்கி, வயல் ஓரமாகக் கொஞ்சம் நடந்தால் அந்த இடம் வரும். ஹோய்ஸ்கோலெ என்று சொல்வார்கள். பள்ளிக்கூடம் என்றாலும் அங்கே சின்னப் பிள்ளைகள் இல்லை. படிப்பு முடித்த இளம் ஆட்கள் சில மாதம் தங்கி, தங்களுக்குப் பிடித்ததைப் பழகிவிட்டுப் போவார்கள். சோதனை கிடையாது. எங்களுடைய இடத்தில் விளையாட்டுத்தான் பிரதானம். விளையாடுகிறவர்களுக்குப் பசி கூட. அதனால் குசினியும் பெரிது, பானைகளும் பெரிது.

குசினிக்குப் பொறுப்பு போடில். அகன்ற உடம்பு, சிவந்த கை, சத்தமான சிரிப்பு. அவருக்கு உதவியாகக் கிழங்கு உரிப்பதும், மரக்கறி வெட்டுவதும், கோப்பை கழுவும் மெஷினைப் பார்ப்பதும் என் வேலை. அப்போது எனக்கு டெனிஷில் வணக்கம், நன்றி, என் பெயர் புஸ்பம் என்ற மூன்றும்தான் தடக்குப்படாமல் வரும். ஊரிலும் நான் ஐந்தாம் வகுப்போடு நின்றவள். தமிழிலேயே நாலு பேருக்கு முன்னால் வாய் திறக்கமாட்டேன்.

அன்று பெரிய பானையில் கிழங்கு கொதிக்கத் தொடங்கிய நேரம், இறைச்சி லொறி வந்துவிட்டதென்று யாரோ போடிலைக் கூப்பிட்டார்கள். போகிற போக்கில் அவர் என் பக்கம் திரும்பி, உள்ளங்கையைக் காட்டி, "வெந் து!" என்றார்.

என் காதில் விழுந்தது நல்ல தமிழ். வெந்து. வெந்திட்டுது, போதும் என்று கையையும் காட்டுகிறார். இந்த நாட்டில் கிழங்கு கெதியாய் வேகும்போல என்று நினைத்தேன். அடுப்பை நிற்பாட்டி, தண்ணீரை வடித்து, தட்டங்களில் கொட்டி, வெண்ணெயும் போட்டு, கீரையும் தூவி அனுப்பிவிட்டேன்.

கொஞ்ச நேரத்தில் ஒரு பெடியன் கையில் பாதி கடித்த கிழங்கோடு குசினிக்குள் வந்தான். குள்ளமான உருவம், வைக்கோல் நிறத் தலைமயிர். அந்தக் கிழமை கோப்பை கழுவும் முறை அவனுக்கு. அங்கே மாணவர்கள் முறை வைத்துக் குசினிக்கு வரவேண்டும். அவன் பெயர் லார்ஸ்.

"இது புது விதமான அப்பிளோ?" என்று கேட்டான். அவர்கள் டெனிஷில் பேசியதை நான் எங்களுடைய பேச்சிலேயே எழுதுகிறேன். அன்று எனக்கு விளங்கவில்லை, பிறகு போடில் பல தரம் சொல்லிச் சிரித்ததால் தெரியும்.

போடில் ஓடிவந்து முள்ளுக்கரண்டியால் ஒரு கிழங்கைக் குத்தினார். கரண்டி உள்ளே போகவில்லை. வேலை போச்சு என்றே நினைத்தேன். போடில் மேசையைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். லார்ஸ் அந்தப் பச்சைக் கிழங்கைக் கடக்கு முடக்கென்று முழுவதும் தின்று முடித்துவிட்டுக் கோப்பை கழுவப் போனான்.

வீட்டுக்கு வந்து தம்பியிடம் சொன்னேன். அவன் எனக்கு முன்பே டெனிஷ் பழகியவன்.

"ஐயோ அக்கா," என்றான். "வெந்த் எண்டால் பொறு. து எண்டால் நீ. நீ கொஞ்சம் பொறு எண்டு அந்த மனிசி சொல்லியிருக்கிறா. நீங்கள் இறக்கி வடிச்சுப்போட்டு நிக்கிறியள்!"

2. யன்னலால் தெரிந்தது

கிழங்கு உரிக்கும் தொட்டிக்கு நேரே யன்னல். யன்னலுக்கு அங்கால் விளையாட்டுத் திடல்.

அந்த வருடம் அங்கே புதிதாக அமெரிக்கன் ஃபுட்போல் தொடங்கியிருந்தார்கள். பெயர்தான் ஃபுட்போல், பந்தைக் காலால் தொடுவது எப்போதாவதுதான். பந்தும் உருண்டை இல்லை. சின்னப் பப்பாளிக்காய் அளவில், இரண்டு பக்கமும் கூராக இருக்கும். தோளில் கவசம், தலையில் ஹெல்மெட் போட்டு ஆளை ஆள் முட்டி விழுத்துவார்கள். முதல் கிழமை, சண்டை பிடிக்கிறார்கள் என்று நினைத்து நான் போடிலைக் கூப்பிட்டும் இருக்கிறேன்.

பார்க்கப் பார்க்க விளங்கியது. ஒருவன் குனிந்து நின்று, தன் கால்களுக்கு இடையால் பந்தைப் பின்னுக்குக் கொடுப்பான். அதை வாங்குகிறவன்தான் குவாட்டர்பேக். எறிவதா, இன்னொருவன் கையில் கொடுப்பதா, தானே ஓடுவதா என்று அவன்தான் முடிவெடுப்பான். பந்து எப்போது வரவேண்டும் என்று கத்திச் சொல்வதும் அவன்தான். அவன் கத்தும்வரை அவனுடைய ஆட்கள் அசையக்கூடாது. ஒரு அணிக்கு ஒரு நேரத்தில் ஒரு குவாட்டர்பேக்தான்.

அந்த இடத்துக்கு அங்கே இரண்டு பேர். ஒருவன் ஹென்றிக். நெடுவல், அழகன். அவன் எறிந்தால் பந்து திடலின் அடுத்த கரைக்குப் போகும். மற்றவன் லார்ஸ். அவனுக்குக் கை அவ்வளவு நீளமில்லை. ஆனால் ஆட்களுக்குள்ளால் நழுவி ஓடுவான், யார் எங்கே நிற்கிறார்கள் என்று பார்த்து வைத்திருப்பான்.

பழக்கியவர் அமெரிக்காவில் கொஞ்சக் காலம் இருந்துவிட்டு வந்த டெனிஷ்காரர். எல்லோருக்கும் அவர் கோச். பயிற்சி தொடங்கும், ஹென்றிக் நடுவுக்குப் போவான். லார்ஸ் வெள்ளைக் கோட்டுக்கு வெளியே நின்று கோச்சைப் பார்ப்பான். கோச் திரும்பாமலே கையைக் காட்டுவார்.

"வெந்த், லார்ஸ்."

எனக்கு அது யன்னலுக்குள்ளாலும் கேட்கும். அந்தச் சொல் எனக்கு இப்போது நன்றாகத் தெரியும்.

ஏனென்றால் எனக்கும் அதைத்தான் சொல்லிக்கொண்டிருந்தார்கள். ஷெல் விழுந்து என் கணவருக்குக் கால் முறிந்திருந்ததால் அவரால் பயணம் செய்ய முடியவில்லை. நான் தம்பியோடு முதல் வந்து, பிறகு அவரையும் மகளையும் கூப்பிடுவது என்று முடிவெடுத்தோம். எனக்கு இங்கே அகதியாக இருக்க அனுமதி கிடைத்தது. குடும்பத்தைக் கூப்பிடச் சட்டத்தில் இடம் இருக்கிறது என்றார்கள். எழுதிக் கொடுத்தோம். அதோடு சரி. அவர்கள் கொழும்பில் ஓர் அறையில் இருந்தார்கள். இங்கே அகதிகளின் அலுவல் பார்க்கும் கந்தோரில் கேட்டால் வெந்த். இன்னொரு தரம் கேட்டால் அதற்கும் வெந்த். எங்களைப் போல கொப்பன்ஹாகன் பக்கத்து ஹ்விடோவ்ரேயிலும் மற்ற ஊர்களிலும் எத்தனையோ பேர் அதே சொல்லோடு இருந்தார்கள்.

ஒருநாள் கோப்பை கழுவ வந்த லார்ஸ் சட்டிகளை டமார் டமார் என்று போட்டான்.

"சட்டி என்ன பாவம் செய்தது?" என்று போடில் கேட்டார்.

"ஒரே ஒரு மட்ச்தான் இருக்கு," என்றான் அவன். "பெந்தெகொஸ்துப் பெருநாளுக்குக் கொப்பன்ஹாகன் ரீம் வருது. அதோடை பள்ளிக்கூடம் முடிஞ்சிடும். ஹென்றிக் யூனிவர்சிற்றிக்குப் போவான், அங்கை விளையாடுவான். நான் கிரின்ஸ்டெட் பக்கம் அப்பாவின்ரை பன்றிப் பண்ணைக்குப் போகவேணும். பண்டியளுக்குக் குவாட்டர்பேக் தேவையில்லை."

போடில் சிரித்தார். அவன் சிரிக்கவில்லை. அந்த இடத்தில் நின்று தொடங்கவேண்டும் என்று அவனுக்கு எவ்வளவு ஆசை என்பது எனக்கு அன்றுதான் தெரிந்தது.

போடில் வெளியே போனபிறகு அவன் என்னைக் கேட்டான், "உன்ரை ஆக்கள் எப்ப வருவினம்?"

"வெந்த்," என்றேன்.

"எவ்வளவு காலம்?"

"தெரியாது. கேக்கேல்லை."

"ஏன் கேக்கேல்லை?"

கந்தோரில் உள்ளவர்களிடம் அப்படியும் கேட்கலாமா என்று எனக்கு ஆச்சரியமாக இருந்தது. பதிலுக்கு முதல் நாள் கதையைச் சொன்னேன். வெந்து என்றால் எங்களுடைய பாஷையில் அவிந்து போச்சு, சாப்பிடலாம் என்று அர்த்தம் என்றேன். டெனிஷ் பாதி, கை பாதி.

அதோடு நிறுத்தியிருக்கலாம். என்னவோ, மேலும் சொன்னேன். என் மகள் ஜெயா முற்றத்தில் விளையாடிவிட்டு வந்து, குசினி வாசலில் நின்று, உள்ளே காலை வைக்காமல், "அம்மா, வெந்திட்டுதோ?" என்று கேட்பாள். சோறு வைத்து ஐந்து நிமிஷம் ஆகியிராது. திரும்பவும் வருவாள், "வெந்திட்டுதோ?" நான் அரியண்டம் தாங்காமல் அகப்பையைத் தூக்கிக் காட்டுவேன். அதைச் சொல்லிக்கொண்டு வரும்போதே முகத்தைத் தொட்டிப் பக்கம் திருப்பிக்கொண்டேன். குழாயைத் திறந்துவிட்டேன்.

லார்ஸ் என்னைப் பார்க்கவில்லை. சட்டியைத் துடைத்துக்கொண்டே மெதுவாகச் சொல்லிப் பார்த்தான். "வெந்து. வெந் து." பிறகு சட்டியை வைத்துவிட்டுத் தானாகச் சிரித்தான்.

3. கோச் கூப்பிட்டார்

மட்ச்சுக்கு முதல் ஒரு சனிக்கிழமை, கோச் அணியை இரண்டாகப் பிரித்தார். ஒரு பக்கத்துக்கு ஹென்றிக், மறுபக்கத்துக்கு லார்ஸ். இன்று பார்த்து முடிவு சொல்கிறேன் என்றார். போடிலும் நானும் காரட் வெட்டிக்கொண்டு யன்னலடியில் நின்றோம்.

ஹென்றிக் நன்றாக எறிந்தான். பிறகு லார்ஸின் முறை. அவனுடைய ஆட்கள் வரிசையாகக் குனிந்து நின்றார்கள். எதிரே ஹென்றிக்கின் பக்கத்தார் பாயக் காத்திருந்தார்கள். லார்ஸ் அங்கும் இங்கும் பார்த்தான். கையை உயர்த்தினான்.

"வெந்து!"

எதிரே நின்றவர்கள் நிமிர்ந்தார்கள். அவன் தன்னுடைய ஆட்களைப் பொறுக்கச் சொல்கிறான் என்று அவர்கள் நினைத்தார்கள். ஒருவன் ஹெல்மெட்டைச் சரிசெய்யக் கையையும் தூக்கினான். அந்தச் சொல்லை லார்ஸ் தன் ஆட்களுக்கு முன்பே சொல்லிவைத்திருந்தான். அந்த நேரம் பார்த்துப் பந்து பின்னால் போய், லார்ஸ் அவர்களுக்குள்ளால் ஓடிக் கடைசிக் கோட்டைத் தாண்டிவிட்டான்.

ஹென்றிக் ஹெல்மெட்டைக் கழற்றி நிலத்தில் அடித்தான். "அவன் பொறு எண்டு சொன்னவன்! எல்லாரும் கேட்டவை! இது ஏமாத்து!"

கோச் விசில் ஊதினார். லார்ஸ் எங்களுடைய யன்னலைக் கையால் காட்டினான். கோச் இங்கே வா என்று கையசைத்தார்.

"புஸ்பம், உன்னைத்தான்," என்றார் போடில்.

"நான் போகமாட்டன்."

"போ. அவன்ரை இடம் உன்ரை வாயிலை இருக்கு."

ஏப்ரனோடு போனேன். கையில் காரட் வெட்டிய கத்தி இருந்ததைக்கூடக் கவனிக்கவில்லை. அவ்வளவு பெரிய பெடியன்கள் எல்லோரும் சேறும் வியர்வையுமாக என்னைச் சுற்றி நின்றார்கள்.

"கத்தியோடை வாறா, எல்லாரும் கவனம்," என்று ஒருவன் சொல்ல மற்றவர்கள் சிரித்தார்கள். எனக்கு நிலம் பிளந்தால் நல்லது போல இருந்தது.

கோச் கேட்டார், "இவன் கத்தினது உங்கடை சொல்லோ? அப்பிடியெண்டால் என்ன?"

சொல்லு, சொல்லு என்று லார்ஸின் கண் கேட்டது. கத்தியை இல்லாத கிழங்கில் குத்துவது போல மேலும் கீழும் காட்டினேன்.

"கிழங்கு," என்றேன். "கத்தி உள்ளுக்குப் போகும். அப்ப... வெந்து. இறக்கலாம். உடனை."

கோச் தலையை அண்ணாந்து அப்படிச் சிரித்தார். எந்தச் சொல்லைக் கத்துவது என்பது குவாட்டர்பேக்கின் விருப்பம், அதில் பிழை இல்லை என்று ஹென்றிக்கிடம் சொன்னார். எனக்கு உயிர் வந்தது.

ஆனால் அடுத்த பேச்சில் அவர் சொன்னார், "கெட்டித்தனம்தான் லார்ஸ். எண்டாலும் ஹென்றிக்கின்ரை கை எனக்கு வேணும். ஹென்றிக்தான் தொடங்குவான். நீ வெந்த்."

லார்ஸின் முகம் செத்துப்போனது. தலையைக் குனிந்துகொண்டு கோட்டுக்கு வெளியே போவான் என்று நினைத்தேன், நானென்றால் அப்படித்தான் போயிருப்பேன். அவன் போகவில்லை.

"எவ்வளவு நேரம்?" என்று கேட்டான்.

அத்தனை மாதத்தில் அவன் அதைக் கேட்கவில்லை, கோச்சும் அதை யோசிக்கவில்லை போல. திடலைப் பார்த்தார், ஹென்றிக்கைப் பார்த்தார்.

"பாதி மட்ச்," என்றார். "மற்றப் பாதி உன்னுடையது."

4. எவ்வளவு காலம்

அடுத்த திங்கட்கிழமை நான் போடிலிடம், கந்தோருக்கு ஒரு ரெலிபோன் எடுத்துத் தரமுடியுமா என்று கேட்டேன். இலக்கத்தை அவர் சுழற்றினார். பேசுவதற்கு நான் ரிசீவரை வாங்கிக்கொண்டேன். போடிலுக்கு வாய் பிளந்துவிட்டது.

வழக்கம்போல ஒரு பெண் குரல், பெயரைக் கேட்டது, தேடியது, "வெந்த்" என்றது.

"வோர் லெங்கெ?" என்றேன். எவ்வளவு காலம்.

அந்தப் பக்கம் சத்தமில்லை. ரெலிபோன் அறுந்துவிட்டதோ என்று பார்த்தேன். பிறகு அந்தப் பெண் குரலைத் தாழ்த்திச் சொன்னாள், "அது எனக்கும் தெரியாது. எங்களுக்கும் ஒண்டும் சொல்லேல்லை. எல்லாம் மேலை நிக்குது."

நன்றி சொல்லி வைத்துவிட்டேன். அன்றைய கிழங்கை உரிக்கும்போது அந்தப் பெண்ணையே நினைத்துக்கொண்டிருந்தேன். பொறு என்று எனக்குச் சொல்கிறவளுக்கும் பொறு என்றே சொல்லி வைத்திருக்கிறார்கள். லார்ஸுக்கென்றால் கேட்பதற்கு ஒரு முகம் இருந்தது.

5. மட்ச்

மட்ச் அன்று போடில் சாப்பாட்டு வேலையை முன்னேயே முடித்து, என்னையும் இழுத்துக்கொண்டு திடலுக்குப் போனார். முதல் பாதி ஹென்றிக். பொய் சொல்லக்கூடாது, அவன் எறிந்தது பார்க்க வடிவுதான். ஆனால் அன்று காற்று. பந்து பாதியில் திசை மாறியது. கொப்பன்ஹாகன்காரர் முன்னுக்குப் போனார்கள்.

பாதியில் கோச் லார்ஸின் தோளில் தட்டினார். சொன்ன சொல்லைக் காப்பாற்றினார். ஹென்றிக் முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு வந்து, லார்ஸின் ஹெல்மெட்டில் ஒரு குட்டுக் குட்டிவிட்டு, "போய் அவியடா," என்றான்.

லார்ஸ் போய் நின்றான். கையை உயர்த்தினான். "வெந்து!"

கொப்பன்ஹாகன்காரர் நின்றார்கள். லார்ஸ் ஓடினான். கரையில் நின்ற எங்களுடைய பெடியன்களுக்குப் பைத்தியம் பிடித்துவிட்டது. ஹென்றிக்தான் முதல் தொடங்கினான். பிறகு எல்லோரும் கையைத் தட்டிக்கொண்டு, "வெந்து! வெந்து! வெந்து!"

இந்த நாட்டுக்கு வந்தபிறகு தம்பியோடும் கோயிலில் நாலு பேரோடும் மெல்லமாகப் பேசிய தமிழ்தான் எனக்கு. அதை இவ்வளவு சத்தமாக, வெளியில், வெயிலில், அத்தனை வாயால் கேட்டதில்லை. அவர்களுக்கு அது விளையாட்டு. எனக்கு அது வாசலில் நின்று ஒரு பிள்ளை கேட்பது. கேட்டுக்கொண்டே இருக்கிறது, நான் பதில் சொல்லவில்லை.

என்னால் அங்கே நிற்க முடியவில்லை. குசினிக்கு ஓடிப்போய்க் கழுவின பானையைத் திரும்பவும் கழுவினேன். போடில் பின்னால் வந்தார். துவாயை எடுத்து நான் கழுவக் கழுவத் துடைத்து வைத்தார்.

மட்ச்சில் தோற்றார்கள். இரண்டு தரம் ஏமாந்த கொப்பன்ஹாகன்காரர் மூன்றாம் தரம் ஏமாறவில்லை. லார்ஸ் பல்லில் புல்லோடு குசினிக்கு வந்து கிழங்கு கேட்டான். அன்று நன்றாக வெந்திருந்தது. நின்ற நிலையிலேயே தின்றான். அடுத்த நாள் அவனுடைய அப்பா வந்து காரில் ஏற்றிக்கொண்டு போனார்.

6. பிறகு

தமிழர் வழக்கு என்று இன்றைக்கு எல்லோரும் சொல்கிறார்கள். எங்களுடைய விண்ணப்பங்களைச் சட்டத்துக்கு மாறாக மேலிடத்தில் வேண்டுமென்றே நிற்பாட்டி வைத்திருந்தார்கள் என்று பிறகு விசாரித்துச் சொன்னார்கள். அதனால் ஓர் அரசாங்கமே விழுந்தது. படித்தவர்கள் அதை எழுதுவார்கள். எனக்குத் தெரிந்தது அந்தப் பெண் ரெலிபோனில் பேசாமல் இருந்த நேரம்தான்.

வேலைக்குப் போகும் பிள்ளைகளுக்கு நான் சொல்லக்கூடியதும் இதுதான். பொறு என்று யாராவது சொன்னால், எவ்வளவு நேரம் என்று கேளுங்கள். கூச்சப்படாதீர்கள். கேட்டால் கிடைக்கும் என்று நான் சொல்லவரவில்லை. லார்ஸுக்குப் பாதி கிடைத்தது. எனக்கு ஒன்றும் கிடைக்கவில்லை. ஆனால் கேட்டபிறகு, பிழை என் பக்கம் இல்லை என்றாவது தெரிந்தது. அதற்கு முதல் நான் தாளைச் சரியாக நிரப்பவில்லையோ, என் டெனிஷ் காணாதோ என்று என்னையே தின்றுகொண்டிருந்தேன்.

நிற்பாட்டின விண்ணப்பங்கள் திரும்ப நகரத் தொடங்கியபிறகு என் கணவரும் மகளும் வந்தார்கள். காலை இழுத்து இழுத்து அவர். பக்கத்தில் என் தோள் உயரத்துக்கு ஒரு பெண்பிள்ளை. நான் விட்டுவிட்டு வந்தது இடுப்பளவு. விமான நிலையத்தில் அவள் எனக்குக் கை தந்தாள், வேற்று மனிசருக்குத் தருவது போல.

வீட்டுக்கு வந்ததும் சோறு வைத்தேன். அவள் கதிரை நுனியில், கையை மடியில் வைத்துக்கொண்டு, ஒழுங்காக இருந்தாள். பசி என்று முகத்தில் தெரிந்தது. கேட்கவில்லை. நான் அடுப்பைப் பார்த்துக்கொண்டு நின்றேன். இப்போது கேட்பாள், இப்போது கேட்பாள் என்று நின்றேன். தண்ணீர் வற்றியது. மூடி ஆடி ஓய்ந்தது. எத்தனையோ பேருக்குச் சமைத்த கைக்கு எப்போது இறக்கவேண்டும் என்று தெரியாமலில்லை. அவள் வாயால் அது வரட்டும் என்று இருந்தேன்.

கடைசியில் அவள் எழும்பி வந்து குசினி வாசலில் நின்றாள். உள்ளே காலை வைக்கவில்லை.

"அம்மா," என்றாள். "அடிப்பிடிக்கிற மணம் வருது."

"ஓம் பிள்ளை," என்றேன். "வெந்திட்டுது. வா."